அறிக்கைகளுக்கு மதிப்பெண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நிவாரணப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். கள அலுவலகங்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, திருத்தி, டோனர்களுக்கு, அதாவது நிதி தருபவர்களுக்கு, அனுப்புவது என் வேலை. எல்லா அறிக்கைகளுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று தரம் போட ஒரு மதிப்பெண் படிவம் தயாரிக்கும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார். முதல் வரைவை எழுதிவிட்டேன். கெடுவுக்குள் வந்ததா, எல்லாப் பகுதியும் நிரப்பப்பட்டிருக்கிறதா, இலக்கு எட்டப்பட்டதா, மொழி நன்றாக இருக்கிறதா, படங்கள் இருக்கின்றனவா என்று ஐந்து கேள்விகள். பழைய அறிக்கைகளை இதில் போட்டுப் பார்த்தேன். படிக்கும்போதே எனக்கு நம்பிக்கை வராத ஓர் அறிக்கை 92 வாங்குகிறது. நான் மிகவும் மதிக்கும் ஒரு கள அலுவலகத்தின் அறிக்கைக்கு 58தான் வருகிறது. எங்கே கோளாறு? இன்னொன்று: நடந்ததை அப்படியே எழுதினால் அடுத்த முறை பணம் வராது என்கிறார்கள் சக ஊழியர்கள். அதில் நியாயம் இருக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட, களத்தில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அறிக்கையை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுவிடலாம். கோளாறு அங்கேதான். அந்த 92 பொய் என்று உங்கள் மனம் சொன்னது சரி. அந்த மனக்கணக்கைத்தான் படிவமாக்க வேண்டும்.

ஓர் அறிக்கை தரமானதா என்று பார்க்க நான் நம்புகிற சோதனை ஒன்றுதான். அதில் உள்ள முக்கியமான எண் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். யார் எண்ணினார்கள், எங்கே எழுதிவைத்தார்கள், எதால் வகுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் அது பிறந்த இடம் வரவேண்டும். வந்தால் அறிக்கை நிற்கும். பாதி வழியில் மூச்சு முட்டினால், மீதிப் பக்கங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். முகாம் ஒன்றில் 12,500 பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வழங்கப்பட்டது, இலக்கு 100 சதவீதம் எட்டப்பட்டது என்று அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,500 எங்கிருந்து வந்தது? விசாரித்தால் பெரும்பாலும் இப்படி வரும்: 50 குழாய்கள் போட்டார்கள், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர் என்பது, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் அளவுகோல், இரண்டையும் பெருக்கினார்கள். அதாவது யாரும் யாரையும் எண்ணவில்லை. திட்டம் போடுவதற்காக வைத்திருந்த அளவுகோல் கடைசிப் பக்கத்தில் சாதனையாக உட்கார்ந்துவிட்டது. இந்தப் பெருக்கலை மனதறிந்த பொய்யாக யாரும் எழுதுவதில்லை. ப்ரொபோசலிலேயே, அதாவது நிதி கேட்டு முதலில் எழுதிய திட்ட விண்ணப்பத்திலேயே, அந்த எண் இருந்தது, குழாய்களும் போட்டாயிற்று, அப்புறம் என்ன என்று எழுதிவிடுகிறார்கள்.

இப்போது அதே அறிக்கையின் பின்னிணைப்பைத் திறங்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்த கணக்கு அங்கே இருக்கும். நாளொன்றுக்கு 90,000 லிட்டர் என்று இருக்கிறது என்போம். 12,500 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 7.2 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது அதே ஸ்பியர். பேரிடரின் முதல் சில நாட்களில் இதைவிடக் குறைவாகக் கொடுக்க நேரலாம், அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆறு மாதம் ஓடிய திட்டத்தில் பாதி அளவு தண்ணீரைக் கொடுத்துவிட்டு 100 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது பெரிய செய்தி. அந்தச் செய்தி அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. முன்பக்கத்தையும் பின்னிணைப்பையும் ஒருவரே சேர்த்துப் படிக்காததால் யார் கண்ணிலும் படவில்லை. ‘பாதுகாப்பான’ என்ற சொல்லுக்கும் ஆதாரம் கேளுங்கள். கிருமிகளைக் கொல்லப் போட்ட குளோரினில், குழாயில் பிடித்த நீரில் எஞ்சியது லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்ததா, யார், வாரத்துக்கு எத்தனை தடவை பார்த்தார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘பாதுகாப்பான’ என்பதை வெட்டிவிட்டுத் தண்ணீர் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

எண்ணைவிட வகுக்கும் எண் ஆபத்தானது. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றைப் பாருங்கள். கற்பனைக் கணக்குதான், ஆனால் வழக்கமாக நடப்பது. 600 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 410 பேர் தேறினார்கள், 8 பேர் இறந்தார்கள், 14 பேர் சிகிச்சை முடிந்தும் தேறவில்லை, 130 பேர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்கள், 38 பேருக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது. அறிக்கையில் ‘தேறியவர்கள் 95 சதவீதம்’ என்று வரும். 410ஐ 432ஆல் வகுத்திருப்பார்கள், சிகிச்சையை முடித்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்து. பாதியில் நின்றவர்களையும் சேர்த்து 562ஆல் வகுத்தால் 73 சதவீதம். ஸ்பியர் எதிர்பார்ப்பது 75க்கு மேல். நின்றுபோனவர்கள் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இங்கே 23. ஒரே பதிவேடுதான். ஒரு வகுத்தலில் அது வெற்றி, இன்னொன்றில் எச்சரிக்கை.

தரமான அறிக்கை இரண்டாவது வகுத்தலைப் போடும், அதோடு நிற்காமல் அந்த 130 தாய்மார்கள் ஏன் வரவில்லை என்றும் எழுதும். சிகிச்சை மையம் தொலைவில் இருந்திருக்கலாம். ரேஷன் கொடுக்கும் நாளும் குழந்தையை எடை போடும் நாளும் ஒன்றாக இருந்திருக்கலாம். வரிசையில் நிற்காவிட்டால் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. இப்படி ஒரு காரணம் அறிக்கையில் வந்துவிட்டால் படிப்பவர் உடனே ஒரு முடிவு எடுக்கலாம், எடை போடும் நாளை மாற்றலாம். 95 சதவீதம் என்ற வரியைப் படித்துவிட்டு யார் என்ன செய்ய முடியும்? சந்தோஷப்படலாம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் 130 குழந்தைகள் எங்கோ மெலிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஆட்களைக் கூட்டுவதிலும் இதே கதை. ஒரே குடும்பத்துக்குப் போர்வை, சோப்பு, தண்ணீர் மூன்றும் போயிருக்கும்; அறிக்கையில் மூன்று குடும்பங்களாகிவிடும். மொத்தப் பயனாளிகள் என்ற எண்ணைப் பார்த்ததும், இரட்டை எண்ணிக்கையை எப்படிக் கழித்தீர்கள் என்று ஒரு வரி கேளுங்கள்.

மொழிக்கு வருகிறேன். 58 வாங்கிய அலுவலகம் பெரும்பாலும் மொழியில் அடிவாங்கியிருக்கும். களத்திலிருந்து இப்படி ஒரு பத்தி வருகிறது:

‘சோப்பு மூன்று வாரம் தாமதமாக வந்தது. அதற்குள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. பக்கத்து முகாமில் வேறு நிறுவனத்திடம் கடன் வாங்கி 400 குடும்பங்களுக்கு முதலில் கொடுத்தோம். மீதிப் பேருக்குக் கொடுக்க முடியவில்லை.’

தலைமை அலுவலகத்தில் திருத்தப்பட்டு வெளியே போகும்போது அது இப்படி ஆகிறது: ‘சில தளவாடச் சவால்களுக்கு இடையிலும் சுகாதாரப் பொருட்கள் வெற்றிகரமாக விநியோகிக்கப்பட்டன.’

முதல் பத்தியில் தாமதத்தின் அளவு, அதன் விளைவு, எடுத்த முடிவு, விடுபட்டவர்கள் என்று நான்கு செய்திகள் இருக்கின்றன. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. உங்கள் படிவத்தில் இரண்டாவதுதான் அதிக மதிப்பெண் வாங்கும். களத்தில் இருப்பவர் தனக்கு வசதியான மொழியில், கொச்சையாகவே எழுதட்டும். நேரமில்லை என்றால் போனில் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நடையைச் செம்மைப்படுத்துவது உங்கள் பொறுப்பு, அதற்கு அவருக்கு மார்க் குறைக்காதீர்கள். திருத்தும்போது வினைக்கு உரியவரும் தேதியும் எண்ணும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘இலக்கு எட்டப்பட்டதா’ என்ற கேள்வியை எடுத்தே விடலாம். அது திட்டத்தை மதிப்பிடும் கேள்வி, அறிக்கையை மதிப்பிடுவதற்கு உதவாது. இலக்கைத் தவறவிட்ட திட்டத்துக்கு மிக நல்ல அறிக்கை இருக்க முடியும். அதற்குப் பதிலாக ப்ரொபோசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கை விளக்குகிறதா என்று பாருங்கள். நெருக்கடியில் ஆரம்பத்தில் போட்ட திட்டம் அச்சுப் பிசகாமல் நடக்காது. பாதை மூடும், விலை ஏறும், மக்கள் இடம் மாறுவார்கள். எதுவுமே மாறவில்லை என்று சொல்லும் அறிக்கையைத்தான் நான் சந்தேகத்தோடு படிப்பேன்.

பல டோனர்களும் இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். 2016இல் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில் டோனர்களும் நிவாரண அமைப்புகளும் செய்துகொண்ட கிராண்ட் பார்கெய்ன் ஒப்பந்தத்தில், அறிக்கைகளை எளிமையாக்கி ஒரே மாதிரி ஆக்குவதும் ஒரு வாக்குறுதி. அதிலிருந்து பிறந்ததுதான் 8+3 படிவம். எட்டுப் பொதுக் கேள்விகள், டோனர் விரும்பினால் கூடுதலாக மூன்று. மியான்மர், ஈராக், சோமாலியா நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த எட்டில் திட்டத்தில் செய்த மாற்றங்களுக்கும் கற்ற பாடங்களுக்கும், பாதிக்கப்பட்ட மக்களின் பங்கேற்புக்கும் தனித்தனி இடம் உண்டு. உங்கள் படிவத்துக்கு இது நல்ல முதுகெலும்பாக இருக்கும். ஆனால் ‘கற்ற பாடங்கள்’ என்ற தலைப்பின் கீழே ‘ஒருங்கிணைப்பு முக்கியம்’ என்று எழுதியும் கட்டத்தை நிரப்பலாம், அதனால் யார், எதை, எப்போதிலிருந்து வேறுமாதிரி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தால் மட்டும் மார்க் கொடுங்கள். புகார்ப் பெட்டிக்கும் இதே விதி. பெட்டி வைத்தோம் என்பதற்கு மார்க் கிடையாது. எதைப் பற்றிப் புகார் வந்தது, அதனால் எது மாறியது என்பதற்கு உண்டு.

எல்லாவற்றையும் எழுதுவதும் தரம் ஆகாது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான சேவை என்றால், சின்ன இடத்தில் ‘இந்த மாதம் 2 பேர்’ என்று எழுதினாலே அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடலாம். மோதல் பகுதியில் மருந்துக் கிடங்கின் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுவதும் ஆபத்து. காரணம் சொல்லித் தகவலை விட்டிருக்கும் அறிக்கைக்குக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். படங்களுக்கும் மார்க் வேண்டாம். படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று மட்டும் பாருங்கள்.

சரி, பணம் வராது என்ற பயம். அதில் நியாயம் இருக்கிறது. இலக்கு தவறியது என்று சிவப்பில் காட்டும் ஒரு கட்டத்தைப் பார்த்ததும் ஒப்பந்தத்தை நிறுத்தத் துடிக்கும் டோனர்கள் உண்டு, அப்படிப்பட்டவர்களிடமிருந்து பொய்தான் திரும்பி வரும், அந்தப் பொறுப்பில் பாதி அவர்களுடையது. ஆனால் டோனர் தரப்பில் இருப்பவருக்கும் ஒரு மேலாளர் இருக்கிறார். இறுதி அறிக்கையில் முதல் தடவையாக ஒரு கெட்ட செய்தியைப் படித்தால், இத்தனை நாள் உனக்குத் தெரியாதா என்று அவரைக் கேட்பார்கள். சோப்பு தாமதமான அந்த வாரமே ஒரு மின்னஞ்சல், ஒரு போன், தேவையென்றால் ஒப்பந்தத் திருத்தம் என்று போயிருந்தால், அறிக்கையில் அந்தப் பத்தி யாரையும் அதிர வைக்காது. ஆகவே இந்தக் கேள்வியையும் படிவத்தில் சேருங்கள்: பெரிய மாற்றங்கள் டோனருக்கு எப்போது முதலில் சொல்லப்பட்டன? அறிக்கையில்தான் என்றால், பிரச்சினை எழுதியவரிடம் இல்லை, நடுவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

நூற்றுக்கு இத்தனை என்று வேண்டும் என மேலாளர் பிடிவாதமாக இருந்தால் இப்படிச் செய்யலாம். கெடு, பின்னிணைப்பு, கையெழுத்து ஆகியவற்றை மார்க்கிலிருந்து வெளியே எடுத்து, உண்டு-இல்லை என்று டிக் போடும்படி வையுங்கள். மார்க்கில் பெரும்பகுதியை எண்ணின் தடத்துக்கும் வகுத்த எண்ணுக்கும், மாற்றங்களின் விளக்கத்துக்கும் கொடுங்கள். உதவி கிடைக்காமல் போனவர்கள் யார் என்பதற்கு ஒரு பங்கு வேண்டும். செலவுக் கணக்கும் விவரணையும் ஒத்துப்போகின்றனவா என்பதற்கும் ஒரு பங்கு. குளிருக்கான போர்வையின் பில், குளிர் முடிந்த பிறகு தேதியிடப்பட்டிருப்பது அங்கேதான் தெரியும். ஒவ்வோர் அறிக்கையிலும் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதன் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. அதிகாரத் தோரணையில் கேட்காமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி, முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கேளுங்கள்.

போட்ட மார்க்கைக் கள அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புங்கள், ஏன் என்று இரண்டு வரியோடு. ராத்திரி கண்விழித்து அறிக்கை எழுதியவருக்கு, அது யார் கைக்குப் போனது, அதனால் எந்த முடிவு எடுக்கப்பட்டது என்று எவரும் சொல்வதில்லை. 58 வாங்கிய அந்த அலுவலகத்திலிருந்தே தொடங்குங்கள். புதிய படிவத்தில் அதற்கு எத்தனை வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா