இரண்டு முறை இம்பீச் ஆன டிரம்ப் ஏன் ஒரு முறையும் பதவி இழக்கவில்லை?

இம்பீச்மென்ட் என்பது அமெரிக்க அதிபர் மீது நாடாளுமன்றம் முறைப்படி குற்றம் சுமத்துவது, அவ்வளவுதான். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதைப் போல. தீர்ப்பு வேறு இடத்தில்.

நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையிலேயே குற்றம் சுமத்திவிடலாம். விசாரித்து முடிவு சொல்வது மேலவையான செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை எதிர்க்கட்சி நினைத்தபோதெல்லாம் தூக்கிவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான் இந்தக் கெடுபிடி.

1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். டிரம்ப் 2019இலும் 2021இலும் இம்பீச் ஆனார். இரண்டாம் முறை, பதவிக்காலம் முடிந்த பிறகு நடந்த விசாரணையில், அவர் கட்சிக்காரர்களே 7 பேர் எதிராக வாக்களித்தார்கள். அப்படியும் 57தான் தேறியது, தேவை 67. என்னைக் கேட்டால், அதிபரின் கதியை முடிவு செய்வது எதிர்க்கட்சி அல்ல, சொந்தக் கட்சிதான். 1974இல் செனட்டில் தன் கட்சிக்காரர்களே கைவிட்டதும், பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்கு முன்பே அதிபர் நிக்சன் ராஜினாமா செய்துவிட்டார். இம்பீச்மென்ட் மூலம் பதவி நீக்கப்பட்ட அதிபர் இதுவரை யாருமே இல்லை.

அப்புறம், செனட் குற்றவாளி என்று சொன்னால் நேரே ஜெயில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பதவிதான் போகும், மறுபடி பதவிக்கு வரத் தடையும் போடலாம், ஆனால் சிறைத் தண்டனை வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் தனி வழக்கு நடத்த வேண்டும்.