பனி ஹாக்கி கேள்வி பதில்: எந்த வீரர் உண்மையில் எந்த இடத்தில் ஆடுகிறார்?

வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கும் வாசகர்கள், வீரர்கள் ஆடும் இடம் பற்றிய தகவல்களில் எதை நம்புவது என்று கேட்டிருந்தார்கள். முன்வரிசையில் மூவர்: நடுவில் சென்டர், இரு பக்கமும் லெஃப்ட் விங், ரைட் விங். அவர்களுக்குப் பின்னால் இரண்டு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள், கடைசியில் கோலைக் காக்கும் கோலி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

ஸ்கார்பரோ வாசகர்: அலுவலகத்தில் ஹாக்கி பூல் (ஆளுக்குச் சில வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எடுக்கும் புள்ளிகளை வைத்துப் போட்டியிடுவது) நடத்துகிறோம். ஒரே வீரரை லீக்கின் தளம் சென்டர் என்கிறது, யாஹூ லெஃப்ட் விங் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எது சரி அண்ணா?

லீக்கின் பட்டியல் ஒரு வீரருக்கு ஒரே இடத்தைத்தான் தரும். பயிற்சியாளர் நேற்றிரவு அவரை எங்கே நிறுத்தினார் என்பதை அது சொல்லாது. எட்மன்டனின் லியான் டிரைசைட்டில் சென்டர் என்று பதிவானவர். கானர் மெக்டேவிட்டுடன் ஒரே வரிசையில் இறங்கும்போது அவர் ஆடுவது விங்கில்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012-13 பருவம் ஒன்றே போதும். வாஷிங்டனின் புதிய பயிற்சியாளர் ஆடம் ஓட்ஸ், அதுவரை லெஃப்ட் விங்கில் ஆடிவந்த அலெக்ஸ் ஓவெச்கினை ரைட் விங்குக்கு மாற்றினார். கதவடைப்பால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் அவர் 32 கோல் அடித்தார். ஆண்டின் சிறந்த அணியைத் தேர்வு செய்யும் பத்திரிகையாளர்களில் சிலர் அவருக்கு ரைட் விங்கில் வாக்களித்தார்கள், சிலர் பழைய நினைப்பில் லெஃப்ட் விங்கில் வாக்களித்தார்கள். முடிவில் முதல் அணியின் ரைட் விங்கும் அவரே, இரண்டாம் அணியின் லெஃப்ட் விங்கும் அவரே! வேறொருவருக்குச் சேர வேண்டிய இடம் இதனால் பறிபோனது. ஆட்டத்தைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை என்றால், பட்டியலை மட்டும் நம்பும் நாம் எம்மாத்திரம்?

பூலைப் பொறுத்தவரை, எந்தத் தளத்தின் பட்டியல் செல்லும் என்று வீரர் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவில் இதைப் பேசினால் சண்டைதான் வரும்.

மார்க்கம் வாசகர்: ஃபேஸ் ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க நடுவர் போடும் பக் என்ற ரப்பர் வட்டுக்கு இருவர் மோதுவது) அதிகம் எடுப்பவர் சென்டர் என்று வைத்துக்கொள்ளலாமா?

தொடக்கத்துக்கு நல்ல வழி, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். விதியை மீறும் சென்டரை நடுவர் வட்டத்திலிருந்து விலக்கிவிட்டால், பக்கத்தில் நிற்கும் விங்கர்தான் உள்ளே வருகிறார். வலக்கை ஆட்டக்காரர் ஒரு பக்கத்திலும் இடக்கை ஆட்டக்காரர் மறு பக்கத்திலும் எடுப்பது என்று வரிசைக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. 2017-18-இல் பிலடெல்பியா அணி குளோட் ஜிரூவை லெஃப்ட் விங்குக்கு நகர்த்தி, ஷான் கூட்டூரியேவைச் சென்டராக்கியது. ஜிரூ (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) 102 புள்ளிகள் குவித்தார், ஃபேஸ் ஆஃப் வட்டத்துக்கும் விடாமல் வந்துகொண்டிருந்தார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் சென்டராகவே தெரிந்திருப்பார்.

வட்டத்தில் பக் விழுந்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். தங்கள் கோலுக்கு முன்னால் இறங்கி வந்து டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களுக்குத் துணை நிற்பவர் சென்டர். எதிரணி டிஃபென்ஸ் ஆட்டக்காரரை மறிக்க மேலே நிற்பவர்கள் விங்கர்கள். ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) பார்த்தாலே தெளிவாகிவிடும்.

மாண்ட்ரியல் வாசகர்: டிஃபென்ஸில் இடமா வலமா என்று எந்தத் தளமும் சொல்வதில்லையே?

அதிகாரப்பூர்வப் பட்டியலில் டிஃபென்ஸ் என்று மட்டுமே இருக்கும். ஜோடியில் ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்றால் பெரும்பாலும் அவரவர் கைப்பக்கம்தான். இருவரும் இடக்கை என்றால்தான் சிக்கல். அப்போது ஆட்ட நிகழ்வுப் பதிவில் உள்ள ஷாட்களின் ஆயத்தொலைவுகளை எடுத்து, நீலக்கோட்டுக்கு (எதிரணியின் பகுதி தொடங்கும் கோடு) அருகிலிருந்து அடித்தவற்றைப் பிரியுங்கள். அவை எந்தப் பக்கம் குவிகின்றன என்பதே விடை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பீரியடுக்குப் பீரியட் அணிகள் பக்கம் மாறுகின்றன. அதற்கேற்ப எண்களைத் திருப்பாவிட்டால் இடமும் வலமும் கலந்து நடுவில் ஆடுபவர்போலக் காட்டும். அடுத்து, பவர் பிளேயை (எதிரணி ஆட்டக்காரர் தண்டனையில் வெளியே இருக்க, ஆள் கூடுதலாக ஆடும் நேரம்) நீக்கிவிடுங்கள். ரைட் விங்கில் ஆடிய காலத்திலும் ஓவெச்கின் பவர் பிளேயில் இடது வட்டத்தில் நின்றுதான் அடித்தார். லீக்கின் தரவில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு இலக்கக் குறி ஒன்று இருக்கிறது: வருகை அணியின் கோலி, அதன் ஆட்டக்காரர்கள், உள்ளூர் அணியின் ஆட்டக்காரர்கள், அதன் கோலி என்ற வரிசையில். 1551 என்றால் இரு பக்கமும் கோலியும் ஐந்து பேரும். அந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: டிஃபென்ஸ் என்று பதிவான ஒருவர் முன்வரிசையில் ஆடினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்குத் தரவே தெளிவாகப் பதில் சொல்லும். லீக் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஷிஃப்ட் அறிக்கை வெளியிடுகிறது. யார் எந்த நொடியில் களத்துக்குள் வந்தார், எப்போது வெளியேறினார் என்று அதில் இருக்கும். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அவருடன் வேறு இரண்டு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் தொடர்ந்து களத்தில் இருந்தால், இவர் முன்வரிசையில் ஆடுகிறார். ஆள் மாறும்போது இருவரின் நேரமும் சில நொடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

2013-14-இல் சான் ஹோசேவின் பிரென்ட் பர்ன்ஸ் இப்படித்தான் ஜோ தார்ன்டனுடன் முன்வரிசையில் ஆடினார். அடுத்த பருவம் டிஃபென்ஸுக்குத் திரும்பி, 2017-இல் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையையும் வென்றார். டஸ்டின் பஃப்ளின் 2010-இல் சிகாகோ அணி லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது முன்வரிசையில் இருந்தார். உடனே அட்லான்டாவுக்கு மாறி டிஃபென்ஸில் நின்றார்.

ஸ்கார்பரோ வாசகர் மீண்டும்: இன்றிரவு ஆட்டத்துக்கு எங்கே பார்ப்பது?

டெய்லி ஃபேஸ் ஆஃப் தளம். பயிற்சியின்போது நிருபர்கள் பார்த்ததை வைத்து வரிசைகளைத் தருகிறார்கள். முதல் பீரியடிலேயே பயிற்சியாளர் கலைத்துவிடலாம் என்பதால் அது ஒரு முன்னறிவிப்பு மட்டுமே. ஆட்டம் முடிந்தபின் சரிபார்க்க நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் என்ற புள்ளிவிவரத் தளம்.

பிராம்ப்டன் வாசகர்: பழைய வீரர்களுக்கு?

யார் யார் களத்தில் இருந்தார்கள் என்ற விவரத்தோடு நிகழ்வுப் பதிவு கிடைப்பது 2007-08 முதல். ஆடிய நேரமும் ஃபேஸ் ஆஃப் எண்ணிக்கையும் 1997-98 முதல் கிடைக்கின்றன. அதற்கு முன்னால் பழைய செய்தித்தாள்களும் படச்சுருள்களும்தான் கதி. ரெட் கெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள்: டெட்ராய்ட்டில் டிஃபென்ஸ், 1954-இல் முதல் நாரிஸ் கோப்பை, 1960-இல் டொராண்டோ வந்ததும் சென்டர். இரண்டு அணிகளிலும் நான்கு நான்கு ஸ்டான்லி கோப்பைகள். அவரைப் பற்றிக் கணக்கு வைப்பதென்றால் 1960-க்கு முன், பின் என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.