பேச்சிழந்தவரின் வீடு – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நாலு வருஷமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயரும் ஊரும் போட வேண்டாம்.

என் கணவருக்கு வயது 49. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருபது வருஷம் நின்றவர். பேசியே விற்பார். தை மாதம் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது வலது கையிலிருந்து சோறு நழுவியது. வாய் லேசாகக் கோணினதுபோல இருந்தது. அசதி என்று நினைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தோம். விடியும்போது வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் என்றார்கள்.

ஏழு மாதம் ஆகிறது. பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை வரவில்லை. எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்கிறார். தண்ணீருக்கும் அதான், பாத்ரூமுக்கும் அதான். ஆனால் காலையில் திருநீறு பூசும்போது மாமியார் பதிகத்தை எடுத்துக் கொடுத்தால் கூடவே நாலு வரி சொல்லிவிடுகிறார். போன வாரம் சோறு ஊட்டும்போது ஏதோ கேட்டார். புரியவில்லை. மூன்றாவது தடவை "என்ன வேணும்?" என்றதும் "சனியனே" என்றார். அவ்வளவு தெளிவாக. 22 வருஷத்தில் ஒருநாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் கையில் அடித்தும் விட்டேன். பத்தாவது படிக்கும் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பதிகம் வருகிறது, வசவு வருகிறது, என் பெயர் மட்டும் ஏன் வரவில்லை? வேண்டுமென்றே செய்கிறாரா? அன்று ராத்திரியே கொண்டுபோயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? சொந்தக்காரர்கள் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். கடை முதலாளி, "சும்மா வந்து உட்காரட்டும்" என்று ஆள் அனுப்புகிறார். எப்போது பழையபடி ஆவார்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி என் அம்மா சொல்லக் கேட்டவை.

முதலில் அந்த வசவு. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆறுதலுக்காக இதை எழுதவில்லை, 160 வருஷத்துக்கும் மேலாக மருத்துவம் அறிந்த விஷயம் இது. 1861இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் ப்ரோகா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். இருபத்தோரு வருஷமாக அங்கேயே கிடந்தவர். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து "டான், டான்" என்று ஒரே சத்தம்தான். மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. உங்கள் கணவரின் "அதான், அதான்" போலவே. ஆனால் தான் சொல்ல வருவது எதிராளிக்குப் புரியாமல் கோபம் ஏறும்போது மட்டும், அந்த மனிதர் கடவுள் பெயரை இழுத்து ஒரு வசவை முழுசாகச் சொல்லிவிடுவார். ப்ரோகா அதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த நோயாளி இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தபோது இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சைக் கோக்கும் இடம் அது என்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

நாம் யோசித்துச் சொல்லும் சொல் வேறு, தானாக வரும் சொல் வேறு. "தண்ணீர் கொடு" என்பதை மூளை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, மனப்பாடமான பதிகம், பாட்டு, திடுக்கிட்டால் வரும் "ஐயோ அம்மா", ஆத்திரத்தில் வரும் வசவு, இவை கட்டத் தேவையில்லாதவை. ஏற்கெனவே கட்டி வைத்தவை. மூளையின் இடப்பக்கம் அடிபட்டாலும் இவை பல பேருக்குத் தப்பிவிடுகின்றன. உங்கள் பெயரை அவர் சொல்ல வேண்டுமானால் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். பதிகம் தேடாமலே வரும். வசவும் அப்படித்தான் வந்தது. எங்கேயாவது, யாரோ திட்டிக் கேட்ட சொல் வாயில் கிடந்திருக்கிறது. நீங்கள் மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்கும் ஆத்திரம் முட்டியிருக்கும். ஒரு குவளைத் தண்ணீரைக் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்ற ஆத்திரம். வந்த சொல் அது ஒன்றுதான். சொன்னபின் அவர் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். மதுரை–திருநெல்வேலி தடத்திலேயே பெரும்பாலான வருஷங்கள். ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, 2009இல் விழுந்தார். அதே வலப்பக்கம், அதே பேச்சு. அம்மா பதறி வாயில் காப்பியை ஊற்றி, அது புரை ஏறி, அவர் நீலம் பாரித்துப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் மாதம், பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அம்மாவிடம், "இவருக்கு வரிசையாக என்ன மனப்பாடம்?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா சாமி கும்பிடுகிறவர் இல்லை, பாட்டும் கிடையாது. நான்தான் சும்மா "திருமங்கலம்" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கள்ளிக்குடி" என்றார். விருதுநகர். சாத்தூர். கோவில்பட்டி. கயத்தாறு. கங்கைகொண்டான். அதுவரை எங்களுக்குக் கிடைத்தது "ப்பா, ப்பா" என்ற ஒரு சத்தம்தான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் அதையே பிடித்துக்கொண்டார். முதலில் நாங்கள் தொடங்கி அவர் முடிப்பது. பிறகு நடுவில் ஒரு ஊரை விட்டுவிட்டு அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பது. பிறகு அந்த ஊரைத் தனியாகப் படத்தில் காட்டிக் கேட்பது. தனியாகக் கேட்டால் வராது. வரிசையில் வந்தால் வரும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் மாதக்கணக்கில் ஆனது. பாட்டின் இழுவையில் சொற்களை ஏற்றிப் பழக்கும் முறையும் உண்டு. 1973இல் பாஸ்டனில் உருவாக்கிய முறை. உங்கள் வீட்டில் மாமியார் தானறியாமலே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அவரிடம் சொல்லுங்கள்: பதிகத்தில் ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பெற்ற தாய்க்கு அதுதான் கஷ்டம்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தப்பு அன்பில் செய்த தப்பு. அப்பா வாயைத் திறக்குமுன் நாங்கள் நாலு பேர் நாலு சொல்லை நீட்டுவோம். "தண்ணியா? விசிறியா? வெளிய போகணுமா?" அவர் தேடிக்கொண்டிருந்த சொல் அந்தச் சத்தத்தில் நழுவிப்போகும். பார்க்க வந்தவர்கள் இன்னும் மோசம். காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள், இல்லாவிட்டால் அவர் தலைக்குமேல் எங்களிடம், "ஞாபகம் எல்லாம் இருக்கா?" என்று கேட்பார்கள். அவருக்கு எல்லாம் கேட்டது. ஒருநாள் கட்டிலில் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் மூன்று நாள் யாரையும் பார்க்கவில்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காரணம் இல்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள், கேட்டால் பொருளையும் காட்டுங்கள்: ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் விசிறி. "ஆமாம்" என்று தலையாட்டினாலும் ஒருதடவை சரிபாருங்கள், இந்த நோயில் ஆமாமும் இல்லையும் மாறிப்போகும். புரியாவிட்டால் புரிந்ததுபோல் நடிக்காதீர்கள். "எனக்குப் புரியலைங்க, கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க" என்றால் போதும். வாய்க்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே எண்ணுவாள்.

கை விஷயத்திலும் ஒன்று. யாராவது ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோ வந்த அன்றே அதைப் பிடுங்கி வைத்தார். "விரல் மடங்கத்தான் செய்யுது. விரிக்கத்தானே தெரியல?" என்றார். உங்கள் கணவருக்கு எது சரி என்று உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். தூக்கி நிறுத்தும்போது மட்டும் அந்த வலது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தோள்மூட்டு இறங்கிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிரந்தரமாகிவிட்ட இந்தப் பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே ஊனமாக ஏற்கிறது. எனவே கை காலை மட்டும் காட்டி அடையாள அட்டை வாங்கிவிட்டு வராதீர்கள், பேச்சையும் சொல்லிக் கேளுங்கள்.

புறா ரத்தம் வேண்டாம். தேய்ப்பதால் மூளையில் அடைத்த இடம் திறக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து மாத்திரையை நிறுத்தச் சொல்வது. பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பதும் அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்கத்தான். மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட விடாதீர்கள். அப்படிச் சொல்லும் சொந்தக்காரர்களிடம் கோபப்பட உங்களுக்குத் தெம்பு இருக்காது. மாமியாரைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்ல மாட்டேன். ரத்தக்குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக்கில், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரமே போயிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். போனவர்கள் எல்லோருக்கும் அந்த ஊசி போட முடிவதில்லை, போட்டவர்கள் எல்லோரும் முழுசாக எழுந்துவிடுவதும் இல்லை. வாய் கோணியதையும் கை நழுவியதையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பிரசவம் வரைக்கும் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், இது தெரியாது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: முகம் ஒரு பக்கம் இறங்கினால், கை ஒன்று துவண்டால், பேச்சு குழறினால், இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். தண்ணீரோ காப்பியோ வாயில் ஊற்றாதீர்கள். எப்போது தொடங்கியது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அடித்தது. அதை நான் சின்ன விஷயம் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அவரிடம் போய் உட்கார்ந்து சொல்லுங்கள், அவருக்குப் புரியும். மகனிடமும் சொல்லுங்கள், அவன் உங்களைவிட அதிகமாகப் பயந்திருப்பான். இன்னொன்றும் செய்ய வேண்டும். ஏழு மாதமாக ஒரு ராத்திரி முழுசாகத் தூங்காத பெண்ணின் கை அது. வாரத்தில் இரண்டு ராத்திரி வேறு யாராவது அவர் பக்கத்தில் படுக்கட்டும். கொழுந்தனோ உங்கள் தம்பியோ இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். என் அம்மா கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் அவளுக்கே பிரஷர் ஏறி நாங்கள் இரண்டு கட்டிலைப் பார்க்க வேண்டியதாயிற்று.

பழையபடி எப்போது ஆவார் என்பதற்கு என்னிடம் தேதி இல்லை. முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் தேறும் என்பது உண்மை. அதன்பிறகு நின்றுவிடும் என்பது உண்மையில்லை, பேச்சு வருஷக்கணக்கில் தேறுகிறது. ஆனால் பழையபடி என்ற அளவுகோலை வைத்து அவரை தினமும் அளந்தால் தினமும் அவர் தோற்பார். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. அவர் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக முடியாது, என் அப்பாவும் ஆகவில்லை. ஆனாலும் அவர் ஏழு வருஷம் எங்களோடு இருந்தார். இடது கையால் சாப்பிட்டார். பேத்திக்குச் சில்லறை எண்ணக் கற்றுக் கொடுத்தார்.

அம்மாவின் பெயர் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டி. எப்போது தொடங்கினார் என்று தெரியாது, ஒருநாள் அடுப்படியைப் பார்த்து "கோவில்பட்டி" என்று கூப்பிட்டார். அம்மா "வாரேன்" என்றாள்.

கடைக்கு வரச்சொல்லி முதலாளி ஆள் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவும் நீங்கள் முடிவெடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை. நாளைக் காலை, பதிகம் முடிந்ததும், கடையிலிருந்து ஒரு சேலையை வாங்கி வந்து அவர் மடியில் வையுங்கள். "கடைக்குப் போகலாமாங்க?" என்று ஒருதடவை மட்டும் கேளுங்கள். பத்து எண்ணுங்கள். என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.