திமிங்கலம் மேலே இருந்த நேரம்: டேக் தரவை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: கப்பலிலிருந்து திமிங்கலங்களை எண்ணும் குழுவில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். மூழ்கியிருப்பவை எண்ணிக்கையில் விட்டுப்போகின்றன. திமிங்கலத்தின் உடலில் பொருத்தும் பதிவுக் கருவியான டேக்கின் தரவிலிருந்து 'மேலே இருந்த நேரம் இத்தனை சதவீதம்' என்று எடுத்து எண்ணிக்கையைத் திருத்தினால் போதுமா? எந்த டேக் நல்லது?

பதில்: சதவீதம் மட்டும் போதாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து 1 நிமிடம் மேலே இருக்கும் திமிங்கலத்துக்கும், 100 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து 10 நிமிடம் தங்கும் திமிங்கலத்துக்கும் சதவீதம் ஒன்றுதான். சில விநாடிகளில் கடந்துவிடும் விமானத்திலிருந்து எண்ணினால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. உங்கள் கப்பல் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் போகிறது, 3 கிலோமீட்டர் முன்னே பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த இடத்தைக் கடக்க ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். அதற்குள் முதல் திமிங்கலம் எப்படியும் தலைகாட்டிவிடும். இரண்டாவது தென்பட ஐந்தில் ஒரு வாய்ப்புதான். ஒரே சதவீதத்தை வைத்து இரண்டையும் திருத்தினால் கணக்கு தப்பிவிடும். குவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று ஒரே மூச்சில் 222 நிமிடம் மூழ்கியிருந்ததை டேக் பதிவு செய்திருக்கிறது. 2020-ல் வெளியான ஆய்வு அது. அதனால் ஒவ்வொரு மூழ்கலின் நீளமும், ஒவ்வொரு முறை மேலே தங்கிய நேரமும் தனித்தனியாக வேண்டும்.

அடுத்தது, 'மேலே' என்றால் என்ன? செயற்கைக்கோள் டேக்கில் உப்புநீர் உணரி இருக்கும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். டேக் நீரைவிட்டு வெளியே வந்ததும் அந்த ஓட்டம் அறுபடும். அதைத்தான் அது 'மேலே' என்று குறிக்கிறது. டேக் விலாவில் தாழ்வாகப் பதிந்துவிட்டால், திமிங்கலம் மூச்சுவிட்டுப் போனாலும் டேக் நனைந்தே இருக்கும். நீங்கள் தேடுவது மூச்சுத் தாரையையும் முதுகையும். ஆகவே உணரியின் குறிப்பை மட்டும் நம்பாமல், ஆழப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: வெப்பநிலை மாறினால், ஆழத்தை அளக்கும் அழுத்த உணரியின் பூஜ்யம் நகரும். 1,000 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் பிழை பொருட்டல்ல, மேற்பரப்பில் அதுவே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். திமிங்கலம் மூச்சுவிட வந்த தருணங்களை வைத்துப் பூஜ்யத்தைத் திருத்திய பிறகே கணக்கிடுங்கள்.

சரி, எந்த டேக்? உறிஞ்சுக் கிண்ணங்களால் ஒட்டும் டேக் மிக நுணுக்கமானது. உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் உருவான டி-டேக் ஆழத்தோடு ஒலி, உடலின் சாய்வு, திசை எல்லாம் பதியும். ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஒரு நாளுக்குள்ளோ கழன்றுவிடும். மீட்டெடுத்தால்தான் தரவு கிடைக்கும். செயற்கைக்கோள் டேக் வாரக்கணக்கில் நிற்கும். ரேடியோ அலை கடல்நீரைத் தாண்டாது என்பதால், மேலே வரும் சிறு இடைவெளியில் தரவின் சுருக்கத்தை மட்டும் அனுப்பும். உங்கள் தேவைக்கு, மூழ்கல் நேரங்களை ஒவ்வொன்றாக அனுப்பும்படி அமைத்த செயற்கைக்கோள் டேக்கையே தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம், பகல் நேரத் தரவை மட்டும் எடுங்கள்; கணக்கெடுப்பு பகலில்தானே நடக்கிறது. டேக் பொருத்தியதும் விலங்கு மிரண்டு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம், அந்தத் தொடக்கப் பகுதியை வெட்டிவிடுங்கள். ஒரே திமிங்கலத்தின் 500 மூழ்கல்களை 500 திமிங்கலங்களாக நினைக்காதீர்கள்.

டேக் பொருத்த அனுமதியும் அனுபவமுள்ள குழுவும் தேவை. அதே இனத்தில், ஒத்த கடற்பகுதியில் ஏற்கெனவே எடுத்த தரவு இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு திமிங்கலத்தையாவது தொந்தரவு செய்யாமல் விடலாம்.