மரண தண்டனை வேண்டாம் என்பவர்கள், தங்கள் வீட்டில் ஒரு கொலை நடந்தாலும் அப்படியே சொல்வார்களா?

சொல்வேன். எங்கள் வீட்டில் நடந்தது. கேட்டவர் வீட்டில் நடந்திருக்காது என்று நினைக்கிறேன், நடந்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும்.

என் சித்தப்பாவை வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வெட்டிவிட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சித்தி அலறல் கேட்டு ஓடியபோது அவர் விழுந்து கிடந்தார். வெட்டியதைச் சித்தி பார்க்கவில்லை. ஆனால் சாட்சி சொல்வதற்கு முதல் நாள் அரசு வக்கீல் வாசித்துக் காட்டிய போலீஸ் வாக்குமூலத்தில் "என் கண் முன்னால் வெட்டினான்" என்று இருந்தது. சித்தி பதறிப்போனார். "அப்படி இருந்தாத்தாம்மா கேஸ் நிக்கும்" என்றார் கூட வந்த ஏட்டு.

வெட்டியது அவன்தான், எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. வேறு சாட்சிகளை வைத்து ஆயுள் தண்டனையும் ஆனது. ஆனாலும் அந்தத் தாளைக் கேட்ட காது இது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் தடா கோர்ட் (பயங்கரவாத வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, 19 பேர் வெளியே வந்துவிட்டார்கள். அந்த 4 பேரில் ஒருவரான பேரறிவாளன், குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் வாங்கிய சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் சொன்னார். தூக்குக்குக் குறித்திருந்த நாளோ 2011 செப்டம்பர் 9. சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருக்காவிட்டால் அந்த அதிகாரி சொன்னதை வைத்து என்ன செய்திருப்போம்?

உடனே "கொலைகாரனுக்கு வக்காலத்தா" என்று வராதீர்கள். 2022இல் பேரறிவாளனை விடுதலை செய்ததால் நிரபராதி என்று தீர்ப்பாகிவிடவில்லை, அது எனக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களில் பந்தோபஸ்துக்குப் போன போலீஸ்காரர்களும் உண்டு என்பதும் தெரியும்.

சித்தி என் கட்சி இல்லை. 1980இல் வந்த பச்சன் சிங் தீர்ப்புப்படி 'அரிதிலும் அரிதான' வழக்குக்குத்தான் தூக்கு, இது அதில் வராது என்று வக்கீல் சொன்னபோது, "அப்ப இவர் உசுரு சாதாரணமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அப்படிக் கேட்கலாம். அதற்காக அரசாங்கம் கயிற்றை எடுக்கக் கூடாது.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். அவன் பரோலில் வந்ததை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, சித்தி பஸ் ஸ்டாப்பில் நேருக்கு நேர் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவின் டிவிஎஸ் 50. ரத்தக்கறை இருந்ததென்று எடுத்துப் போனது, இன்றும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் டயர் மண்ணில் புதைந்து நிற்கிறது. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட் ஆர்டர் கேட்கிறார்கள், கோர்ட்டில் கேட்டால் ஃபைலைத் தேடணும் என்கிறார்கள். ஆர்.சி. புக் எங்களிடம்தான் இருக்கிறது. இங்கே வக்கீல் யாராவது இருந்தால், என்ன மனு போடுவது என்று சொல்லுங்கள்.