ஹோமர் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறார்?

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் 9ஆம் சீசனிலிருந்து அப்பா ஹோமர் வேறு ஆளாகத் தெரிவதற்கு, படங்களுக்குக் கணினியில் வண்ணம் தீட்டத் தொடங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். இல்லை, அது காரணமில்லை. தொடர் அதற்கு முழுசாக மாறியதே 2002இல், 14ஆம் சீசனில்தான்.

மாறியது எழுத்துக் குழுவின் தலைமை. 1997இல், அதுவரை தொடரை நடத்திய ஓக்லியும் வைன்ஸ்டீனும் விலகி, மைக் ஸ்கல்லி பொறுப்புக்கு வந்தார். அதுவரை சொதப்பினாலும் வீட்டை நினைத்துப் பதறிய அப்பா, அப்புறம் அடாவடி பண்ணிவிட்டுக் கண்டுகொள்ளாத ஆளாகிவிட்டார் என்பது என் கணிப்பு.

4ஆம் சீசனில் ஒரு எபிசோட், 11இல் ஒன்று என்று அடுத்தடுத்துப் பாருங்கள். ஹோமர் தப்பு செய்ததும் மனைவி மார்ஜின் முகத்தில் காட்சி நிற்கிறதா, அடுத்த ஜோக்குக்கு ஓடுகிறதா?

ஆனால் எல்லாரும் திட்டுகிற அந்த 'பள்ளி முதல்வர் ஸ்கின்னரே போலி ஆள்' கதை 9ஆம் சீசனில் வந்தாலும், பழைய குழு எடுத்து வைத்துவிட்டுப் போனது. அந்தப் பழியை ஸ்கல்லி தலையில் கட்டாதீர்கள்.