சிவந்ததெல்லாம் பழுத்ததா?

மதிப்பிற்குரிய ஐயா,

சிம்லா ஆப்பிள் இரண்டு கிலோ வாங்கினேன். பல பழங்களில் ஒரு பக்கம்தான் சிவப்பு, மறுபக்கம் பச்சை. சிலவற்றில் காம்புக்குழியைச் சுற்றிப் பழுப்பாகச் சொரசொரவென்று இருந்தது. மருந்துத் தழும்பென்று பயந்து அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி முழுச் சிவப்பாகப் பார்த்து வாங்கினால் போதுமா? மெழுகு பூசுகிறார்களாமே?

கவிதா, மதுரை

அன்புள்ள கவிதா,

மெழுகை விடுங்கள், ஆப்பிள் தானாகவே மெழுகு சுரக்கும். ஆனால் நல்ல பழத்தைக் குப்பையில் போட்டீர்களே அம்மா, அதுதான் வயிற்றெரிச்சல்! அந்தச் சொரசொரப்பு வெறும் தக்கை. பூவிதழ் உதிர்ந்து முதல் 30, 40 நாளில் பிஞ்சின் தோல் வேகமாக விரியும். அப்போது உறைபனியோ, விடாத ஈரமோ, தாமிர மருந்தோ பட்டால் மேற்படலம் நுண்ணியதாக வெடிக்கும். அடியில் தக்கைத் திசு வளர்ந்து வெடிப்பை மூடும். படலம் உருவாக உதவும் எஸ்.எச்.என்.3 என்ற மரபணு மந்தமாக இயங்கும் ரகங்களில் இது கூடுதல். இதைத் தடுக்க, கோல்டன் டெலிஷியஸ் என்ற ரகத்துக்கு இதழ் உதிர்ந்ததும் தொடங்கி, 7 முதல் 10 நாள் இடைவெளியில் ஜிப்ரலின் ஏ4+7 என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளிக்கிறார்கள். தக்கை பிடித்தபின் தெளிப்பது வீண்.

பச்சைப் பக்கம் இலை நிழலில் இருந்த பக்கம். தோலில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உண்டாக எம்.ஒய்.பி.1 மரபணு தரும் புரதம் வேண்டும். இருட்டில் சி.ஓ.பி.1 என்ற இன்னொரு புரதம் அதைச் சிதைத்துவிடும். வெயில் பட்டால்தான் முதல் புரதம் தங்கும். நிறம் வெளிச்சத்தின் கணக்கு. இனிப்பு வேறு கணக்கு.

இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிக் கடைக்காரர்களும் நீங்களும் சேர்ந்துதான் ஆப்பிளைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். ரெட் டெலிஷியஸ் என்ற ரகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில், அயோவாவின் ஜெஸ்ஸி ஹயாட் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. ஆதியில் பழத்தில் சிவப்புக் கோடுகள்தான். பிறகு எந்த மரத்திலாவது ஒரு கிளை மட்டும் கூடுதலாகச் சிவந்து காய்த்தால், அதன் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டினார்கள். அந்தக் கன்றுகளில் சிவந்த கிளை வந்தால் அதிலிருந்தும் மொட்டு. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தது தோலை. நாக்கை யாரும் கேட்கவில்லை. கடைசியில் முற்றுவதற்கு முன்பே கருஞ்சிவப்பாகிவிடும் காய் வந்தது. சிவந்தாயிற்றே என்று பறித்தால் உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் அப்படியே இருக்கும். முழுச் சிவப்பு கேட்டு வாங்குகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும்.

சிவப்பைப் பார்க்காதீர்கள், சிவக்காத இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சை வெளிறி மஞ்சள் தட்டியிருந்தால் எடுங்கள். சந்தேகமென்றால் தோட்டங்களில் செய்யும் சோதனை இருக்கிறது: 8.8 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, 2.2 கிராம் அயோடினைச் சேர்த்துக் கலக்கி, ஒரு லிட்டராக்குங்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை நனைத்து, ஒரு நிமிடம் பொறுங்கள். முழுக்கக் கருநீலமானால் மாவுச்சத்து குறையாத காய். முற்ற முற்ற, நடுவிலிருந்து வெளிநோக்கி வெளுத்துக்கொண்டே வரும். இந்த அயோடின் கரைசல் உடம்புக்கு ஆகாது. நனைத்த பழத்தை மட்டும் தாராளமாகக் குப்பையில் போடுங்கள்.